வீட்டில கட்டின போனோ பிரீஅம்ப் உறுமுது: பிழை பவர் சப்ளையிலயோ, வயரிங்கிலயோ?

விசுவமடு_பொடியன்
வணக்கம் அண்ணைமார். மாமா வெளிநாட்டில இருந்து ஒரு பழைய டேர்ன்டேபிளும் ஒரு பெட்டி இசைத்தட்டும் அனுப்பினவர். வீட்டு அம்பில போனோ இன்புட் (டேர்ன்டேபிளின்ர மெல்லிய சிக்னலை எடுக்கிற இணைப்பு) இல்லை. அதால இரண்டு என்ஈ5532 (ஒப்அம்ப் எண்ட பெருக்கிச் சிப்) வைச்சு நானே ஒரு பிரீஅம்ப் கட்டினன். 12-0-12 ட்ரான்ஸ்போமர், பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கிற டயோட் கூட்டு), பக்கத்துக்கு ஒரு 470 மைக்ரோபரட் கப்பாசிட்டர், பிறகு 7815, 7915 (பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட்டில பிடிச்சு வைக்கிற ரெகுலேட்டர்கள்). எல்லாம் ஒரே தகரப் பெட்டிக்குள்ள. பாட்டு நல்லா வருது. ஆனா ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்க முதல் ஊசி வெறுமனே ஓடேக்க உறுமல் கேக்குது. சப்ளையை மாத்தட்டோ?

பரந்தன்_சோலர்
தம்பி, கரண்டைக் கழட்டி விட்டிட்டு இரண்டு 12 வோல்ட் பற்றரியைப் போடும். ஒண்டின்ர பிளஸ்ஸையும் மற்றதின்ர மைனஸையும் சேர்த்தால் நடுவில கிரவுண்ட், இரண்டு பக்கமும் 12 வோல்ட். உறுமுறதுக்கு அங்க ஒண்டுமே இல்லை.

யுத்தத்தில இடம்பெயர்ந்து இருந்த காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒருத்தர் மிதிக்க மற்றாக்கள் டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள். பற்றரிக்குத் தடை. டைனமோவுக்கும் றேடியோவுக்கும் நடுவில டயோட்டும் ஒரு சின்னக் கப்பாசிட்டரும்தான். மிதி வேகம் கூடினால் உறுமலின்ர சுருதியும் ஏறும், மிதிக்கிறவர் களைச்சால் இறங்கும். சப்ளை என்ன செய்யும் எண்டதை அப்பவே காதால கேட்டிட்டம்.

மாங்குளம்_மாஸ்டர்
டைனமோக் கதை உண்மை. ஆனா அதில ரெகுலேட்டர் இருக்கேல்லை. தம்பியின்ர சேர்க்கிட்டில இருக்கு. கணக்குப் பாப்பம்.

இரண்டு சிப்புக்கும் 16 மில்லிஆம்பியர் எண்டு வையுங்கோ. 50 ஹேர்ட்ஸ் கரண்ட் பிரிட்ஜைத் தாண்டினால் 100 ஹேர்ட்ஸ். 470 மைக்ரோபரட்டில மூண்டில ஒரு வோல்ட் அளவில ஏற்ற இறக்கம் நிக்கும். 7815 அதை ஆயிரத்தில ஒண்டாக்கும். பிறகு ஒப்அம்ப் தன்ர பங்குக்கு 100 டெசிபல் வெட்டும். மிஞ்சிறது சில நானோவோல்ட். ஊசி பொருத்தின கார்ட்ரிட்ஜ் தாறது 5 மில்லிவோல்ட், அதாவது அதைப் போல பத்து லட்சம் மடங்குக்கு மேல. அந்த மிச்சத்தை எந்தக் காதாலயும் கேக்கேலாது.

நான் சந்தேகப்படுறது ட்ரான்ஸ்போமரை. ஆர்ஐஏஏ சமன்படுத்தல் (இசைத்தட்டில குறைச்சுப் பதிஞ்ச தாழ் ஒலியைப் பிரீஅம்ப் திருப்பித் தூக்கிறது) 1 கிலோஹேர்ட்ஸோட பாக்க 50 ஹேர்ட்ஸை 17 டெசிபல், ஏழு மடங்கு, தூக்கும். பக்கத்தில ஒரு ட்ரான்ஸ்போமர் காந்தப்புலம் வீசிக்கொண்டிருந்தால் இன்புட் வயர் அதைப் பிடிச்சுக் கொடுக்கும். மெல்லிய தகரம் அதைப் பெரிசா மறிக்காது. ஆர்சிஏ இன்புட்டை, அதாவது டேர்ன்டேபிள் வயர் செருகிற இடத்தை, சோட் பண்ணிப் பாருங்கோ. உறுமல் நிண்டால் பிழை டேர்ன்டேபிள் பக்கம். நிக்காட்டி ட்ரான்ஸ்போமரைக் கழட்டி, வயரை நீட்டி, மூண்டு அடி தள்ளி வைச்சுக் கேளுங்கோ.

அக்கராயன்_வயரிங்
இவ்வளவு பாடு எதுக்கு? பிளக்கில ஏர்த் வயரைக் கழட்டி விடுங்கோ, உறுமல் போயிடும். நான் அப்பிடித்தான் பாவிக்கிறன்.

மாங்குளம்_மாஸ்டர்
தயவுசெய்து ஆரும் இதைச் செய்யாதேங்கோ. டேர்ன்டேபிளில பழைய மோட்டர், மேல உலோகத் தட்டு, அதில கை வைச்சுத்தான் ஊசியைத் தூக்குறம். மோட்டர் கசிஞ்சால் கரண்ட் போறதுக்கு வழி ஏர்த் மட்டும்தான். அது இல்லாட்டி உங்கட கையால போகும். ஏர்த் சுற்றால (இரண்டு வழியால ஏர்த் ஆகி நடுவில கரண்ட் ஓடுறது) உறுமினால் பெட்டிக்கு ஏர்த்தை அப்பிடியே விடுங்கோ. சிக்னல் கிரவுண்டைப் பெட்டியோட 10 ஓம் றெசிஸ்டராலயும், அதோட சமாந்தரமா எதிரெதிர்த் திசையில வைச்ச இரண்டு டயோட்டாலயும் இணையுங்கோ. உறுமலும் குறையும், உயிரும் மிஞ்சும்.

கைமீற்றர்
ஒரு கேள்வி ஒருத்தரும் கேக்கேல்லை. தம்பி, நாள் முழுக்க ஒரே மாதிரி உறுமுதோ, நேரத்துக்கு நேரம் மாறுதோ?

விசுவமடு_பொடியன்
இன்புட்டைச் சோட் பண்ணியும் உறுமல் நிக்கேல்லை. நேரம் எண்டால், பகலில கொஞ்சம்தான், பொழுதுபட்டாப் பிறகு கூட. எங்கட வீடு லைனில கடைசி. ஆறரைக்குப் பிறகு பல்ப் மங்கும், பக்கத்து வளவுக்காரர் தண்ணி மோட்டர் போட்டால் இன்னும் மங்கும். இரவில சத்தமும் வேற மாதிரி, கரகரப்பா இருக்கு.

கைமீற்றர்
அப்ப 7815 இன்ர உள்ளுக்கும் வெளியிலயும் பகலில ஒருக்கா, இரவில ஒருக்கா அளந்து போடுங்கோ. கவனம், 7915 இன்ர கால் ஒழுங்கு வேற. முதல் கால் கிரவுண்ட், நடுக்கால்தான் இன்புட். முதுகுத் தகடும் இன்புட்டோடதான், அதைப் பெட்டியில நேர முறுக்கியிருந்தால் உடனே கழட்டி நடுவில மைக்கா (கரண்ட் கடத்தாத தகடு) வையுங்கோ.

விசுவமடு_பொடியன்
மைக்கா இருக்கு அண்ணை. பகல்: லைன் 230, உள்ள 18.9, வெளிய 15.0. இரவு எட்டு மணி: லைன் 190, உள்ள 15.7, வெளிய 14.2.

கைமீற்றர்
பிழை பிடிபட்டிட்டுது. 15 வோல்ட்டைப் பிடிச்சு வைக்க 7815 க்கு உள்ள 17 வோல்ட் அளவில வேணும். 12-0-12 இல பகலில தப்பினதே சுமை குறைவு எண்டபடியால்தான். இரவில ரெகுலேட்டர் ரெகுலேட்டரா இல்லை, வெறும் வயர். மாஸ்டர் சொன்ன அந்த ஆயிரத்தில ஒண்டு வெட்டு நடக்கேல்லை.

மாங்குளம்_மாஸ்டர்
ஒத்துக்கொள்ளுறன், கணக்கு தலைகீழ். நானோவோல்ட் எல்லாம் மைக்ரோவோல்ட் ஆகுது. 100 ஹேர்ட்ஸை ஆர்ஐஏஏ நாலரை மடங்கு தூக்கினால், பாட்டின்ர மட்டத்தில முந்நூறில ஒரு பங்குக்குக் கிட்ட வரும். அமைதியான இடத்தில கட்டாயம் கேக்கும். கரகரப்புக்கும் அதுதான் காரணம், 50 எண்டால் மொத்தமா ஊமைச் சத்தமா இருக்கும். ஆனா பகலில கேக்கிறது இதில்லை. அது ட்ரான்ஸ்போமர்தான் எண்டதில நான் மாறேல்லை.

பரந்தன்_சோலர்
லைன் 190 க்கு விழுகிற ஊரில இருந்துகொண்டு ஏன் இன்னும் லைனைக் கட்டிப் பிடிக்கிறியள்? 7 ஆம்பியர்-மணி பற்றரி 16 மில்லிஆம்பியருக்கு நானூறு மணித்தியாலம் தாண்டும். ட்ரான்ஸ்போமரும் இல்லை, பிரீஅம்பால வாற ஏர்த் சுற்றும் இல்லை.

கைமீற்றர்
பற்றரிக்கு நான் எதிரில்லை. ஆனா பாட்டுக் கேக்கேக்க சோலர் கொன்ட்ரோலரோட இணைச்சு விட்டால், அது பனலை வெட்டி வெட்டிச் சார்ஜ் பண்ணுற சத்தமும் உள்ள வரும். கேக்கிற நேரம் கழட்டி வைக்கவேணும். ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரு பியூசும் வேணும், சோட் ஆனால் வயர் எரியும்.

பரந்தன்_சோலர்
கழட்டுறது ஒரு சுவிட்ச் வேலை. பியூஸ் சரி, அதைப் போடத்தான் வேணும்.

விசுவமடு_பொடியன்
7812, 7912 போட்டன். கப்பாசிட்டரை 2200 ஆக்கினன். இரவில கரகரப்பு முழுசாப் போட்டுது. மெல்லிய ஊமை உறுமல் மிஞ்சி நிக்குது, பகலிலயும் இரவிலயும் ஒரே அளவு. ட்ரான்ஸ்போமரை வெளிய எடுத்து மேசைக்குக் கீழ வைச்சால் அதுவும் இல்லை. 12 வோல்ட்டில பாட்டு நசியுமோ?

மாங்குளம்_மாஸ்டர்
நசியாது. 5 மில்லிவோல்ட் நூறு மடங்காகி வெளிய வாறது அரை வோல்ட். இசைத்தட்டில கீறல் பட்டுப் பல மடங்கு துள்ளினாலும் இடம் இருக்கு. ட்ரான்ஸ்போமர், பிரிட்ஜ், 2200 மூண்டையும் வேற பெட்டியில வையுங்கோ. கப்பாசிட்டரை நிரப்புற துடிப்புக் கரண்ட் அந்தப் பெட்டிக்குள்ளயே சுத்தட்டும். டிசி மட்டும் நாலு வயரில வரட்டும்: பிளஸ், மைனஸ், கிரவுண்ட், பெட்டி ஏர்த். ரெகுலேட்டர் இரண்டும் பிரீஅம்ப் பக்கம் இருக்கட்டும்.

பரந்தன்_சோலர்
அந்த நாலு வயர்ப் பிளக்கை வைக்கேக்க, பற்றரிக்கும் பொருந்துற மாதிரி வையும் தம்பி. பற்றரி வைச்சால் 7812 க்குப் போதாது, ரெகுலேட்டரைத் தாண்டி நேர சிப்புக்குப் போக ஒரு சுவிட்ச் விடும். இரண்டையும் மாறி மாறிக் கேட்டிட்டு இங்க எழுதும்.