மூல் கணக்கு: எனக்கு 4.4, விடையில் 2.2

உப்புவெளி மாணவி, மாலை 7.12
அனைவருக்கும் வணக்கம். நாளை காலை கொடுக்க வேண்டிய டியூட்டின் (பயிற்சித்தாளின்) மூன்றாம் கணக்கோடு ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டுகிறேன். 10 கிராம் சிப்பி ஓட்டுத் தூளுடன் ஐதரோகுளோரிக்கமிலம் சேர்க்கப்படுகிறது. வெளிவரும் காபனீரொட்சைட்டின் திணிவும் கனவளவும் எவ்வளவு என்பதே வினா. எனக்கு 4.4 கிராம் வருகிறது. பின்பக்க விடையில் 2.2 கிராம் என்று இருக்கிறது. இது அச்சுப்பிழையா, அல்லது எங்கேயாவது இரண்டால் வகுக்க வேண்டுமா? எட்டரைக்கு அப்பா போனை வாங்கிவிடுவார், ஆகவே விரைவாகச் சொல்லுங்கள்.

மூதூர்க் கரை, 7.19
தங்கச்சி, அமிலத்தின் கனவளவு எவ்வளவு, செறிவு எவ்வளவு? தூள் தூய கல்சியம் காபனேற்று என்று வினாவில் சொல்லப்பட்டுள்ளதா? இவை தெரியாமல் யாராலும் விடை சொல்ல முடியாது.

கன்னியா வெந்நீர், 7.23
எனக்குக் காரணம் தெளிவாகவே தெரிகிறது. காபனீரொட்சைட்டு நீரில் கரையும் வாயு என்பதால், பாதி கரைசலிலேயே தங்கிவிட மீதிப் பாதி மட்டும் வெளியேறியிருக்கும். சோடாப் போத்தலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கிளிவெட்டி, 7.26
கரைதலெல்லாம் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியில் மணலும் அழுக்கும் சேர்ந்தே இருக்கும். ஐம்பது வீதத் தூய்மை என்று எடுத்துக்கொண்டால் 2.2 சரியாக வந்துவிடும்.

பழைய ஆய்வுகூடம், 7.31
ஒவ்வொரு தவணையும் இதே கேள்வி வேறு பெயரில் வருகிறது. சமன்பாட்டை எழுதிச் சமன்செய்யாமல் கணிப்பானைக் கையில் எடுக்கும் பழக்கத்தை இக்காலப் பிள்ளைகளுக்கு யார் பழக்கினார்களோ தெரியவில்லை. எங்கள் காலத்தில் சமன்பாடு எழுதாத தாளை ஆசிரியர் தொடக்கூட மாட்டார். முதலில் சமன்பாட்டை எழுதுங்கள், பிறகு பேசலாம்.

உப்புவெளி மாணவி, 7.38
மன்னிக்கவும். அமிலம் 100 கன சதமமீற்றர், செறிவு கன டெசிமீற்றருக்கு 1 மூல். தூள் தூயது என்றுதான் வினாவில் இருக்கிறது. கேட்டது காபனீரொட்சைட்டைப் பற்றி என்பதால் அமிலம் போதியளவு இருக்கும் என்று எண்ணி அந்த வரியை எழுதவில்லை. கணக்கிலும் நான் அதைப் பயன்படுத்தவில்லை. காபனேற்றின் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 100 கிராம் என்பதால் 10 ஐ 100 ஆல் வகுத்தேன், 0.1 மூல், அதைக் காபனீரொட்சைட்டின் மூலர்த் திணிவான 44 ஆல் பெருக்கினேன்.

நிலாவெளி ஆசிரியை, 7.46
மகள், நீங்கள் எழுதாமல் விட்ட அந்த வரியில்தான் விடை இருக்கிறது. மூல் என்பது டசின் போலத் துகள்களை எண்ணும் ஓர் அலகு. கல்சியம் காபனேற்றின் ஒரு மூல் ஐதரோகுளோரிக்கமிலத்தின் இரண்டு மூலுடன் தாக்கமுற்று, கல்சியம் குளோரைட்டு, நீர், காபனீரொட்சைட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு மூலைத் தருகிறது. உங்களிடம் காபனேற்று 0.1 மூல் இருக்கிறது என்பது சரி. அது முழுவதும் தாக்கமுற 0.2 மூல் அமிலம் வேண்டும். ஆனால் 100 கன சதமமீற்றர் என்பது 0.1 கன டெசிமீற்றர். ஆகவே கையிலுள்ள அமிலம் 0.1 மூல் மட்டுமே.

வள்ளம் ஒன்றுக்குத் துடுப்பு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் வள்ளம் பத்தும் துடுப்பு பத்தும் கிடந்தால், கடலுக்குப் போவது ஐந்து வள்ளந்தான். மீதி ஐந்தும் மணலில் கிடக்கும். இங்கே அமிலந்தான் துடுப்பு. அதையே எல்லைப்படுத்தும் தாக்கி என்கிறோம். 0.1 மூல் அமிலம் 0.05 மூல் காபனேற்றை மட்டுமே கரைக்கும், 0.05 மூல் காபனீரொட்சைட்டு வரும், அதன் திணிவு 2.2 கிராம். 5 கிராம் தூள் முகவையின் அடியில் அப்படியே கிடக்கும்.

கன்னியா வெந்நீருக்கு ஒரு வார்த்தை: 25 பாகை செல்சியசில், சாதாரண அமுக்கத்தில், ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் காபனீரொட்சைட்டே கரையும். 100 கன சதமமீற்றரில் 0.15 கிராம் அளவுதான் தங்கும், 2.2 கிராம் அதற்குள் ஒளிந்துகொள்ள வழியில்லை.

மூதூர்க் கரை, 7.52
உதாரணம் நன்று டீச்சர், ஆனால் இப்போது எங்கள் பக்கத்தில் துடுப்பைத் தேடிப் பிடிப்பதே சிரமம், எல்லாம் எஞ்சின் வள்ளங்கள். எண்ணெய்தான் எல்லைப்படுத்தும் தாக்கி.

கிளிவெட்டி, 7.55
அப்படியானால் 1 : 2 என்பதைக் கிராமில் எடுக்க முடியாதா? 10 கிராம் தூளுக்கு 20 கிராம் அமிலம் என்றுதான் நான் இதுவரை செய்து வந்தேன்.

நிலாவெளி ஆசிரியை, 8.01
முடியாது. சமன்பாட்டின் முன்னிலக்கம் எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர நிறையைச் சொல்வதில்லை. இரும்புக் கடையில் ஆணியை எண்ணித் தருவதில்லை, நிறுத்துத்தான் தருகிறார்கள். ஓர் ஆணியின் நிறை தெரிந்தால் எண்ணிக்கை தானே வந்துவிடும். மூலும் அவ்வாறு நிறுத்து எண்ணும் முறையே. காபனேற்றின் 100 கிராமுக்கு அமிலம் 73 கிராம் தேவை, ஏனெனில் அமிலத்தின் மூலர்த் திணிவு 36.5. நமது கணக்கில் 5 கிராம் காபனேற்றும் 3.65 கிராம் அமிலமும் சேர்ந்து 8.65 கிராம். விளைவுகள் 5.55, 0.9, 2.2 கிராம், கூட்டிப் பாருங்கள், அதே 8.65.

பழைய ஆய்வுகூடம், 8.05
திணிவு முடிந்தது. கனவளவுக்கு 0.05 ஐ ஒரு மூல் வாயுவின் கனவளவான 22.4 ஆல் பெருக்கினால் 1.12 கன டெசிமீற்றர். இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

சீனக்குடாப் பொறியியல், 8.08
விவாதிக்க இருக்கிறது ஐயா. 22.4 என்பது பூச்சியப் பாகையிலும் 1 வளிமண்டல அமுக்கத்திலும் பொருந்தும் பெறுமானம். 1982 இல் சர்வதேச இரசாயன ஒன்றியம் நியம அமுக்கத்தை ஒரு இலட்சம் பாசுக்கலாக மாற்றிய பின்னர் அது 22.7 ஆகிவிட்டது. அறை வெப்பநிலை என்று வினாவில் இருந்தால் 24 ஐப் பயன்படுத்த வேண்டும்.

பழைய ஆய்வுகூடம், 8.11
நாற்பது ஆண்டுகளாக 22.4 இல் கணக்குச் செய்த எங்களுக்குப் புள்ளி குறைந்ததில்லை.

சீனக்குடாப் பொறியியல், 8.14
புள்ளி வேறு, வாயு வேறு. திருகோணமலையில் பூச்சியப் பாகையை ஐஸ் பெட்டிக்குள்தான் பார்க்கலாம். இங்குள்ள 30 பாகையில், 1 வளிமண்டல அமுக்கத்தில், ஒரு மூல் வாயு ஏறத்தாழ 24.9 கன டெசிமீற்றர் பிடிக்கும். அப்படியென்றால் இந்த வாயு 1.24, உங்கள் 1.12 இலிருந்து பத்து வீதத்துக்கு மேல் வேறுபாடு. 24 கூட 20 பாகைக்குரியதுதான்.

கன்னியா வெந்நீர், 8.16
மூலின் வரைவிலக்கணமே மாறிவிட்டதே! 2019 மே 20 முதல் 12 கிராம் காபன்-12 என்ற கதை இல்லை, 6.02214076 ஐப் பத்தின் 23 ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணிக்கை என்று நேரடியாகவே நிலைப்படுத்திவிட்டார்கள். இந்தப் பிள்ளை பழைய வரைவிலக்கணத்தில் செய்ததால் விடை மாறியதோ?

நிலாவெளி ஆசிரியை, 8.18
இல்லை. அந்த மாற்றத்தால் உங்கள் பள்ளிக் கணக்கின் எந்த இலக்கமும் அசையாது. கனவளவைப் பொறுத்தவரை வினாவில் என்ன நிபந்தனை தரப்பட்டிருக்கிறது என்று அவரையே கேட்போம். மகள், அந்த வரியையும் விட்டுவிட்டீர்களா?

உப்புவெளி மாணவி, 8.22
ஆம் டீச்சர். கீழே சிறிய எழுத்தில் ஒரு மூல் வாயுவுக்கு 24 கன டெசிமீற்றர் என்று கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 1.2. பின்பக்க விடையும் அதுவே.

பழைய ஆய்வுகூடம், 8.24
தந்திருந்தால் அதைத்தான் பாவிக்க வேண்டும். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நிலாவெளி ஆசிரியை, 8.25
படுக்கப் போகுமுன் ஒன்று செய்து பாருங்கள். புல்மோட்டைக் கனிய மணலிலுள்ள இல்மனைற்றில் இரும்பு ஓர் அணு, தைத்தேனியம் ஓர் அணு, ஒட்சிசன் மூன்று அணுக்கள். சாரணுத்திணிவுகள், அதாவது அணுக்களின் ஒப்பீட்டுத் திணிவுகள், முறையே 56, 48, 16. தூய இல்மனைற்று 1000 கிலோகிராமில் தைத்தேனியம் எவ்வளவு?

உப்புவெளி மாணவி, 8.29
முதலில் 500 வந்தது. இரும்பைக் கூட்ட மறந்திருந்தேன். இப்போது 316 கிலோகிராம். அப்பா வந்துவிட்டார், நன்றி.

கிளிவெட்டி, 9.40
சிப்பியின் தூய்மையைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.