ரெண்டு வீட்டிலும் 32 டிகிரி, ஒண்ணுல மட்டும் ஏன் வேகுது?

மண்டபத்து மருமக:
அம்மா வீடு பாம்பன்ல, கடலை ஒட்டி, பனையோலைக் கூரை. நான் வாக்கப்பட்டது மண்டபத்துல, கான்கிரீட் வீடு. சூடு காட்டுற கடிகாரம் ஒண்ணை ரெண்டு இடத்துக்கும் தூக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு அங்கயும் 32, இங்கயும் 32. அங்க படுத்ததும் தூங்கிடுறேன். இங்க ஃபேன் அஞ்சுல ஓடியும் தலகாணி நனையுது. "பொறந்த வீட்டுப் பாசம்"னு வீட்டுக்காரர் சிரிக்கிறார். பொய் சொல்றது கடிகாரமா, என் உடம்பா?

கீழக்கரை வாத்தியார்:
ரெண்டுமில்ல தங்கச்சி. கடிகாரத்துக்குக் காத்தோட சூடு மட்டும்தான் தெரியும். நம்ம தோல் 33, 34 டிகிரில இருக்கும். தன்கிட்ட இருந்து சூடு எவ்வளவு வேகமாப் போகுதுங்கிறதுதான் அதுக்குக் கணக்கு. விடியக்காலைல பித்தளைச் செம்பையும் மரக்கட்டில் சட்டத்தையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சூடுதான், ஆனா செம்பு சில்லுங்கும். கைச்சூட்டை அது வெடுக்குனு உறிஞ்சிடுது.

உங்க கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி கீழே கக்குது. அந்தக் கதிர்ச்சூடு நேரா உங்க மேல இறங்கும், கடிகாரத்துல அவ்வளவாத் தெரியாது. ஏணி வெச்சு ஏறி, உள்ளங்கையைத் தளத்துல வெச்சுப் பாருங்க. நான் சித்திரை பொறக்குமுன்னே மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சிடுவேன்.

தொண்டி தம்பி:
சார், எங்க வீட்ல காத்து விழுந்த ராத்திரி நெத்தில தைலம் தேய்ப்பாங்க. சில்லுனு இருக்கே, உண்மையிலயே குளிருதா?

கீழக்கரை வாத்தியார்:
இல்லப்பா. குளிரை உணர்ற நரம்புல டிஆர்பிஎம்8னு ஒரு புரதம் இருக்கு. தைலத்துல உள்ள மென்தால் அதைத் தட்டி எழுப்பிடுது, நெத்திச் சூடு அப்படியேதான் இருக்கும். மிளகா 'எரியுது'ங்கிறோமே, அதுவும் இதே கூத்துதான்: 43 டிகிரிக்கு மேல விழிக்கிற டிஆர்பிவி1 ஏமாந்து போகுது. இந்த உணரிகளைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2021ல டேவிட் ஜூலியஸுக்கும், தொடு உணர்வு ஆராய்ச்சியும் சேர்த்து ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் கிடைச்சுது.

நம்ம கரையில இன்னொண்ணு. ஈரக்காத்தை அளக்கத் தோல்ல தனி உணரியே கிடையாது. வேர்வை காயாம ஒட்டுறதை வெச்சுத்தான் 'புழுக்கம்'னு கண்டுக்கிறோம். ஒரு கிராம் வேர்வை காய்ஞ்சா 580 கலோரிபோல சூடு போகும். வழிஞ்சு தலகாணில இறங்கினா ஒண்ணும் போகாது. பாம்பன்ல ஓலை இடுக்கு வழியாக் கடல்காத்து அதைக் காய வைக்குது.

மண்டபத்து மருமக:
நேத்து ஏணி வெச்சு ஏறினேன் சார். தளம், அடுப்பை அணைச்சு வெச்ச தோசைக்கல்லு மாதிரி. வீட்டுக்காரரையும் ஏத்தி விட்டேன். கையை வெச்சுப் பார்த்தவர் இறங்கி வந்து, சுண்ணாம்பு மூட்டை என்ன விலைன்னு கேட்டார்.