புதுப்பிப்பு: அமெரிக்க டர்ன்டேபிள் மெதுவாகச் சுற்றிய சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. நான் கேட்டது இது: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான பெல்ட் டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி), ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டும் பாட்டு மூன்று அரைச்சுரம் இறங்கியே ஒலித்தது.

பெல்ட்டை மாற்றியதில் பலனில்லை. "புல்லியை (மோட்டார் அச்சில் பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) மாற்றுங்க" என்ற அண்ணன் சொன்னதே சரி. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. சிங்க்ரோனஸ் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, அதனால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து வேகமே ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். புல்லியைப் பெரிதாக்கினால் அந்த வேகம் திரும்பும்.

கோவை ஆவாரம்பாளையம் லேத் பட்டறையில் புதுப் புல்லியைப் பித்தளையில் கடைந்தோம். எதிர்பாராத தவறு இங்கேதான். பழைய புல்லியின் விட்டம் 10 மி.மீ., அதை 1.2 மடங்காக்கி 12 என்று கொடுத்தோம், வேகம் 32.8-இல் நின்றது. பெல்ட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெல்ட் 1 மி.மீ. என்பதால் (10+1)×1.2−1 = 12.2. இரண்டாவது புல்லி கச்சிதம். புல்லியில் 45 சுற்று வேகத்துக்கான பெரிய அடுக்கு 16.8 மி.மீ.; 1980களின் தமிழ்ப் படத் தட்டுகளில் 45-இல் ஓடுபவை நிறைய, அதை விட்டுவிடாதீங்க.

பெல்ட் ஓடும் பரப்பு நடுவில் லேசாகப் புடைத்திருக்கட்டும், தட்டையாக இருந்தால் பெல்ட் ஏறி நழுவும். துளை மையம் விலகினால் சுரம் அலையும்.

வேகத்தைச் சரிபார்க்க 50 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோப் தட்டு (வேகம் சரியானால் கோடுகள் நிற்பதுபோல் தெரியும் தட்டு), அதாவது 33⅓-க்கு 180 கோடு உள்ளது, வேண்டும். 216 கோடு 60 ஹெர்ட்ஸுக்கானது. சோக் போட்ட டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்க, பல எல்.இ.டி. பல்புகளில் கோடு தெளியாது.