கிராமத்துப் போர் நினைவுச் சிலுவை: தண்டில் விரிசல், பெயர்கள் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

பச்சைமேடு:
இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் 1920-இல் வைத்த சிலுவை, பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி மன்றம் போன்றது) பொறுப்பில் இருக்கிறது. போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல். தண்டு பீடத்தில் இறங்கும் இடத்தில் செங்குத்தாக மெல்லிய விரிசல், ஓரமெல்லாம் பழுப்புக் கறை. படிகளின் இணைப்புகளில் எப்போதோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். வடக்கு முகத்துப் பெயர்கள் பாசியில் மறைந்துவிட்டன. நவம்பர் நினைவு நாளுக்குள் பிரஷர் வாஷரால் கழுவி, விரிசலை அடைத்துவிடலாம் என்கிறது கவுன்சில். செய்யலாமா?

கல்லுளி:
இரண்டும் வேண்டாம். பழுப்புக் கறையோடு விரிசல் என்றால் பெரும்பாலும் தண்டையும் பீடத்தையும் உள்ளே இணைக்கும் இரும்பு முளை (கம்பி) துருப்பிடித்திருக்கிறது. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும், கல்லைப் பிளந்துவிடும். மேலே அடைத்தாலும் துரு உள்ளே வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கும். தண்டைத் தூக்கி, பழைய முளையை எடுத்துவிட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முளை வைப்பதுதான் தீர்வு. அது பழைய கற்கட்டட வேலை தெரிந்த கல்தச்சர் செய்ய வேண்டியது. அதுவரை சுற்றி வேலி போடுங்கள். உறுதியாக நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்க்காதீர்கள். விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து, மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுங்கள். அகலமாகிறதா என்று தெரிந்துவிடும்.

சாந்துக்கலவை:
படிகளுக்கு: சிமென்ட் கல்லைவிடக் கெட்டி, ஈரத்தையும் வெளியே விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறி, உறைபனியில் ஓரங்கள் செதில் செதிலாக உதிரும். பூசியவர் நல்லது என்று நினைத்துத்தான் பூசியிருப்பார். உளியால் மெதுவாக எடுங்கள். கிரைண்டர் வைத்தால் கல் ஓரம் போய்விடும். இணைப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ. சுரண்டி, நனைத்து, என்.எச்.எல் 3.5 (ஈரத்திலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வகை) ஒரு பங்குக்குக் கரடுமுரடான மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு சேர்த்து நிரப்புங்கள். ஈரச் சாக்கு போட்டுச் சில நாள் மூடி வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலை ஆகாது. நவம்பர் கெடுவை மறந்துவிட்டு வசந்தம் முடியும்போது தொடங்குங்கள்.

பச்சைமேடு:
பாசியை நாங்களே எடுக்கலாமா? பெயர்களை இன்னும் ஆழமாக வெட்டச் சொல்லலாமா?

கல்லுளி:
கல் உதிராமல் இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, ப்ளீச் கூடாது. ப்ளீச் விட்டுப்போகும் உப்பு பிறகு கல்லை அரிக்கும். கல்பாசி (லைக்கன், கல்லோடு ஒட்டி வளரும் செதில் போன்றது) இறுகப் பிடித்திருந்தால் சுரண்டாமல் விடுங்கள், கல்லின் மேல்தோலும் கூடவே வந்துவிடும்.

ஒவ்வொரு முறை வெட்டும்போதும் கல் தேயும். முதலில் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அழிந்துவிட்டதாக நினைத்த எழுத்துகூட நிழலில் தெரியும். அப்படிப் படிக்க முடிந்தால் வெட்ட வேண்டாம். எழுத்தின் பள்ளத்துக்குள் பழைய வண்ணத்தின் மிச்சம் இருந்தால் மட்டும் வண்ணம் தீட்டலாம்.

ஆவணக்காரர்:
போர் நினைவுச் சின்னங்களின் பராமரிப்புக்குச் செலவழிக்க 1923-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிக்கு அதிகாரம் தருகிறது. சிலுவை பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து (பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அரசு சார்ந்த அமைப்பு) தளத்தில் பாருங்கள். இருந்தால் தண்டைத் தூக்குவதற்கு முன் உள்ளாட்சியின் கட்டட அனுமதி (பிளானிங்) அதிகாரியிடம் ஒப்புதல் கேளுங்கள். தேவாலய வளாகத்துக்குள் நின்றால் டயோசிஸின் (மறைமாவட்டத்தின்) அனுமதியும் வேண்டும். உதவித்தொகை இப்போது கிடைக்குமா என்று வார் மெமோரியல்ஸ் டிரஸ்டிடம் (போர் நினைவுச் சின்னங்களுக்கான அறக்கட்டளை) எழுதிக் கேளுங்கள், ஆனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே. முடித்த வேலைக்குப் பணம் கிடைக்காது.