நாகத்தைக் கும்பிட்டுட்டாங்க, இப்ப நான் என்ன பண்றது?

வணக்கம் மக்களே. வேளச்சேரியில எங்க வீட்டு மொட்டைமாடியில ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம், ஆளாளுக்கு ஒரு பாத்திரமா மாறி பகடை உருட்டி கதையை நகர்த்துற விளையாட்டு. நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்தி எதிரிகளை இறக்குற ஆள். ஐந்தாம் பதிப்பு, எதிரி ஜந்துக்களுக்கு 2014 மான்ஸ்டர் மேனுவல் புத்தகம்.

போன வாரம் ஸ்பிரிட் நாகாங்கிற மனுஷ முகப் பாம்பை எதிரியா இறக்கினேன். கெட்ட ஜென்மம் அது: கொன்னாலும் 1 முதல் 6 நாளுக்குள்ள உயிரோட வந்துடும், விஷ் மந்திரம் ஒண்ணுதான் அதைத் தடுக்கும். தீவுத்திடல் பொருட்காட்சியில வாங்கின ரப்பர் பாம்புக்கு எம்-சீல்ல மனுஷ முகம் வேற செஞ்சு வெச்சிருந்தேன். பயப்படுவாங்கன்னு பார்த்தா, ஒருத்தன் "டேய், அரசமரத்தடி நாகர் மாதிரியே இருக்கு, அடிச்சா தோஷம்டா"ன்னு சொல்லி பால் ஊத்தப் போயிட்டான். பகடையில உச்ச எண்ணான 20 வேற விழுந்து தொலைச்சுது!

இப்ப இதைப் பகையாவே விடவா, இல்ல காவல் காக்குற கார்டியன் நாகாவா மாத்திடவா? அது நல்ல பக்கம்தான், ஆனா சவால் நிலை (எதிரி எவ்வளவு கஷ்டம்ங்கிற எண்) 10. ஸ்பிரிட் நாகா 8. எங்க பசங்க லெவல் 6. பேசாம யுவான்-டிங்கிற பாம்பு மனுஷக் கூட்டத்தை இறக்கிடலாமான்னும் தோணுது, அதுங்களுக்கு யாரும் பால் ஊத்த மாட்டாங்க.

ஆடி அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. அப்படியே, சென்னையில மினியேச்சர் மலிவா 3டி பிரின்ட் பண்ற இடம் தெரிஞ்சாலும் போடுங்க. எம்-சீல் மூக்கு உடைஞ்சிடுச்சு.