மறுமொழி: புல்லுருவியின் ‘ரேஞ்ச் ஷிஃப்ட்’ தமிழில் என்ன?

அன்புடையீர்,

மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ‘ரேஞ்ச் ஷிஃப்ட்’ (ஓர் உயிரினம் வாழக்கூடிய பகுதியே இடம் மாறுவது) என்ற இந்த ஒரு சொல்லால் மொத்தமும் நிற்கிறது. படிக்கப்போவது கேரளத்துப் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகள் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

> ‘வலசை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வேண்டாம் அக்கா. வலசை போன பறவை திரும்பி வரும், புல்லுருவி எங்கும் போவதில்லை. முதலமடை மாந்தோப்புகளில் பாருங்கள்: பூங்கொத்திக் குருவி பழத்தைத் தின்றுவிட்டு, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பசைவிதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் பறந்துவிடும், செடிக்கு ஆயுள் முழுக்க அந்தக் கிளைதான். நகர்வது அது பிழைக்கக்கூடிய இடத்தின் கோடு. கோடை வெப்பம் போதாத இடத்தில் ஐரோப்பியப் புல்லுருவி நிலைக்காது என்று டென்மார்க்கின் தாவரவியலாளர் ஐவர்சன் 1944-லேயே காட்டிவிட்டார். வெப்பம் கூடினால் கோடும் நகரும். சுவிட்சர்லாந்தில் பைன் மரப் புல்லுருவி 1910 வாக்கில் எட்டியிருந்த உயரத்தைவிட 1990-களில் சுமார் 200 மீட்டர் மேலே ஏறியிருந்தது. சொல்லில் இந்தக் கோடு தெரியவேண்டும்.

> புல்லி உருவுவதால் புல்லுருவி. ‘புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன்’ என்று குறள் 1187 தழுவுதலையும் விலகுதலையும் சேர்த்தே தருகிறது. ‘புடைபெயர்ச்சி’ என்று வைப்போம்.

ஐயா, தழுவி ஊடுருவுவது என்ற பொருள் மரப்பட்டைக்குள் இறங்கி நீரை உறிஞ்சும் அதன் வேருக்கு அப்படியே பொருந்துகிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குறளில் புடைபெயர்ந்தது தலைவியே, கோடு அல்ல. தவிர, ‘இத்திக்கண்ணி’ என்று மலையாளத்தில் சொன்னால்தான் செடியே எது என்று புரிகிற பிள்ளைகள் பலர். அவர்களிடம் புடைபெயர்ச்சியைக் கொண்டுபோனால் சொல்லை விளக்கவே பாடவேளை முடிந்துவிடும்.

‘வீச்சு’ சரிவராது, அதைப் புள்ளியியல் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘எல்லை’ என்றால் இங்கே தமிழ்நாடு–கேரள எல்லையின் வேலந்தாவளம் செக்போஸ்ட். ‘வரம்பு’ அப்படியில்லை, வயல்வரப்புக்கு மலையாளத்திலும் அதே சொல்தான், பிள்ளைகள் அதன்மேல் நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். ஆகவே ‘பரவல் வரம்பு நகர்வு’.

> இது கலைச்சொல் அல்ல, விளக்கம். மூன்று சொல்லைப் பிள்ளைகள் எப்படிப் பரீட்சையில் எழுதுவார்கள்?

நீளம்தான், சரி. ‘வரம்புநகர்வு’ என்று சுருக்கினால் எதன் வரம்பு என்ற கேள்வி வரும், முதல் இடத்தில் முழுதாகவும் பிறகு சுருக்கியும் எழுதுகிறேன். பெரும்பாலோர் ஒப்பிவிட்டீர்கள். ஐயா இன்னும் இசையவில்லை, அவர் சொல்லை அடிக்குறிப்பில் போடுகிறேன். இன்னும் குறுகிய சொல் கிடைத்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள். புல்லுருவியை ‘அரை ஒட்டுண்ணி’ என்பதா ‘குறை ஒட்டுண்ணி’ என்பதா என்ற சண்டையைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம்.