மறுமொழி: பெரிய ஊரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் விமான நிலையம் – கலைச்சொல் வேண்டும்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி ஐயா தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஐயா கேட்டவை இரண்டு சொற்கள். ஒன்று பிசினஸ் ஜெட்டுக்கு. மற்றொன்று, பெருநகரத்துக்கு வெகுதொலைவில் உள்ள சின்ன விமான நிலையம் அந்த நகரத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்கிறதே, அந்தப் பெயருக்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பிசினஸ் ஜெட்டுகளை வரவழைப்பதற்காகவே சில இடங்களில் இந்தப் பெயர் மாற்றம் நடந்திருக்கிறது.

தஞ்சையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். ஊர்ப்பெயரை நம்பித்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பிசினஸ் ஜெட்டை 'வணிக விமானம்' என்றே வைத்துக்கொள்ளலாமே.

இது வேண்டாம் ஐயா. 'வணிக விமானம்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு பொருள் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் ஆளை ஏற்றிக்கொண்டு தினம் பறக்கிறதே, அதுதான் வணிக விமானம். பிசினஸ் ஜெட் அப்படியில்லை. அதில் டிக்கெட் விற்பதில்லை, கால அட்டவணை கிடையாது. பத்துப் பேர் அளவில் உட்காரலாம், அவர்கள் சொல்லும் நேரத்துக்குக் கிளம்பும். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், "வணிக விமானங்களுக்காக நிலையம் விரிவாகிறது" என்ற செய்தியைப் படிப்பவர் தன் ஊருக்கு விமான சேவை வரப்போகிறது என்று நம்பிவிடுவார். உண்மையில் அங்கே ஹேங்கர்தான், அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகைதான் கூடியிருக்கும். அட்டவணைச் சேவை அல்லாத தனியார் பறத்தலைக் குறிக்கும் ஜெனரல் ஏவியேஷனை 'பொது விமானப் போக்குவரத்து' என்று எழுதுவதிலும் இதே சிக்கல்தான். எல்லாரும் ஏறலாம் என்று பொருள் தருகிறது, நடப்பு அதற்கு நேர்மாறு.

நம் நாளிதழ்கள் இதற்கு எப்போதோ சொல் கண்டுவிட்டன. "தனி விமானம் மூலம் திருச்சி வந்தார்" என்று எழுதாத பத்திரிகை உண்டா? டீக்கடையில் அதைப் படிக்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. இரண்டு சொல்லையும் சேர்த்து 'தனிவிமானம்' என்று எழுதினால் கலைச்சொல் ஆகிவிடும். சொந்தமா வாடகையா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் சொந்தத் தனிவிமானம், வாடகைத் தனிவிமானம் என்று எழுதலாம். பேரிடர்க் காலத்தில் அரசு ஏற்பாடு செய்வதைச் சிறப்பு விமானம் என்று தனியாகத்தான் சொல்கிறோம். குழப்பம் வராது. இந்தச் சொல்லை இத்தோடு முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இனி பெயர் விஷயம். எதற்குச் சொல் தேடுகிறோமோ அது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு வடமேற்கே கிட்லிங்டனில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. விமானிகள் பயிற்சிக்குப் பேர்போன இடம். வெறும் ஆக்ஸ்போர்டு விமான நிலையமாக இருந்தது, 2009இல் 'லண்டன் ஆக்ஸ்போர்டு' என்று பெயரை மாற்றிக்கொண்டது. லண்டன் நடுப்பகுதியிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 90 கி.மீ. வரும். திருச்சியிலிருந்து கும்பகோணத்துக்குச் சாலை வழியாகப் போகும் தூரம் அது. கும்பகோணத்தில் ஒரு ஓடுதளம் போட்டு 'திருச்சி கும்பகோணம்' என்று பலகை வைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே அட்டவணைப்படி பறக்கும் பயணிகள் சேவை நிலைக்கவில்லை. தனிவிமானம்தான் அந்த நிலையம் தேடிப் போன வாடிக்கை. லண்டன் ஹீத்ரோவில் ஆண்டுக்கு 4,80,000 முறைக்கு மேல் விமானம் ஏறி இறங்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அந்த இடங்களைப் பெரிய விமான நிறுவனங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. தனிவிமானத்துக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நெடுநேரம் நிறுத்தி வைப்பது கடினம். சின்ன நிலையத்தில் நினைத்த நேரத்துக்கு இறங்கலாம், விமானத்தை விட்டுப் போகலாம், வாசலிலேயே காரில் ஏறலாம். நடுத்தர அளவுள்ள ஜெட்டுக்கு ஒன்றரைக் கி.மீ. ஓடுதளம் பெரும்பாலும் போதும். வெளிநாட்டில் உட்கார்ந்து லண்டனுக்குத் தனிவிமானம் ஏற்பாடு செய்பவரின் பட்டியலில் இந்த நிலையமும் வர வேண்டும், அதற்குத்தான் பெயர் மாற்றம். ஜெட்டின் விமானிக்கு எங்கே இறங்குகிறோம் என்று தெரியும். உள்ளே இருப்பவருக்கும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை.

டிக்கெட் வாங்கிப் போகிறவர் நிலைமை வேறு. 'பாரிஸ் போவே' நிலையம் பாரிஸுக்கு 85 கி.மீ. தள்ளியிருக்கிறது. 'பிராங்க்பர்ட் ஹான்' பிராங்க்பர்ட்டிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ., பழைய அமெரிக்க விமானப்படைத் தளம். 'ஸ்டாக்ஹோம் ஸ்கவ்ஸ்தா' 100 கி.மீ. இவை மலிவு விலை விமானங்களை வைத்து வளர்ந்தவை. ஒரத்தநாட்டிலிருந்து மகளைப் பார்க்கப் போகும் தாய் தகப்பன், பாரிஸ் என்று பார்த்து டிக்கெட் எடுத்து, இரவில் போவேயில் இறங்கினால் என்ன ஆகும்? மொழி தெரியாத ஊரில் அடுத்த பஸ்ஸைத் தேட வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். என் கவலை முழுவதும் இவர்களைப் பற்றியது. நாம் அமைக்கும் சொல் இவர்கள் படிக்கும் செய்தியில் பயன்பட வேண்டும்.

> 'போலிப்பெயர்' என்று நேரடியாகவே சொல்லிவிடலாம்.

திருவாரூர்த் தம்பியின் கோபம் புரிகிறது. போவேயில் இறங்கியவர் இதைத்தான் சொல்வார். ஆனால் தம்பி, கலைச்சொல் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. ஆக்ஸ்போர்டில் இறங்கும் தனிவிமானக்காரருக்கு அது போலியில்லை. அதோடு, இலக்கணத்தில் 'போலி' என்பதற்கு வேறு பொருள் உண்டு.

> 'இரவற்பெயர்' எப்படி?

குடந்தை அம்மா சொன்ன இந்தச் சொல் கேட்டவுடன் பிடித்துப்போயிற்று. நம் பக்கத்தில் இரவல் நகை என்றால் குழந்தைக்கும் தெரியும். ஆனால் இரவல் என்றால் கேட்டு வாங்க வேண்டும், திருப்பித் தர வேண்டும். இங்கே இரண்டும் இல்லையே, அம்மா. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே உள்ள ஓக்லாந்து விமான நிலையத்தின் கதையைப் பாருங்கள். 2024இல் அந்த நிலையம் 'சான் பிரான்சிஸ்கோ பே ஓக்லாந்து' என்று பெயரை மாற்றியது. சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் விமான நிலையத்தின் பெயருரிமை கெடுகிறது என்று வழக்குப் போட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025இல் 'ஓக்லாந்து சான் பிரான்சிஸ்கோ பே' என்று சொந்த ஊரை முன்னால் கொண்டுவந்து திரும்பப் பெயர் மாற்றினார்கள். கேட்டு வாங்கியிருந்தால் வழக்கு எதற்கு? எந்தப் பெயர் முன்னால் நிற்கிறது என்பதற்கு எவ்வளவு விலை இருக்கிறது என்பதையும் இதில் கவனியுங்கள்.

> 'மாநகரப் பெயர் சூட்டல்'

இது சொல் இல்லை, விளக்கம். மேலும் பெயருக்கு உரிய ஊர் மாநகரமாகத்தான் இருக்க வேண்டுமா? பெரிய கோயில் 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வெளிநாட்டுப் பயணிகளுக்காக நாளை திருச்சி நிலையத்தை யாராவது 'தஞ்சாவூர் திருச்சி' என்று விளம்பரம் செய்தால், அங்கே பெரிய ஊர்தான் சின்ன ஊரின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறது. ஊரின் அளவைச் சொல்லுக்குள் வைத்தால் அப்போது மாட்டிக்கொள்வோம்.

> 'இருபெயரொட்டு' என்று இலக்கணமே சொல் தந்திருக்கிறதே.

திருவையாற்று ஆசிரியர் அம்மாவின் இந்த மடல்தான் இழையில் வந்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆனால் இருபெயரொட்டுப் பண்புத்தொகையில் சிறப்புப்பெயர் முன்னால் வரும், பொதுப்பெயர் பின்னால் வரும், இடையில் 'ஆகிய' மறைந்திருக்கும். சாரைப்பாம்பு, சாரை ஆகிய பாம்பு. இரண்டும் ஒரே பொருள். 'லண்டன் ஆக்ஸ்போர்டை' விரித்தால் 'லண்டன் ஆகிய ஆக்ஸ்போர்டு' என்று வருமே! இலக்கணப்படியே பொய்.

அந்த மடலைப் படித்த பிறகு எல்லாப் பெயர்களையும் விரித்துப் பார்த்தேன். 'லண்டன் ஹீத்ரோ' என்பது லண்டனில் உள்ள ஹீத்ரோ. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பெயர் சொல்வது உண்மை. 'லண்டன் ஆக்ஸ்போர்டு' நேர்மையாக விரிந்தால் லண்டனுக்குப் போக உதவும் ஆக்ஸ்போர்டு, நான்காம் வேற்றுமை. படிப்பவர் மனத்தில் 'இல்' விரிகிறது, நிலையத்தார் மனத்தில் 'கு' இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்கள் தடுமாறும் இடம் இதுதான். நாம் தேடும் பெயரின் இலக்கணமும் இதுதான்: 'கு' மறைந்திருக்க 'இல்' என்று படிக்கப்படும் பெயர்.

நம் முன்னோர்களும் பெரிய ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டவர்கள்தான். பாண்டியர் தென்காசி வைத்தார்கள். ஒப்பிலியப்பன் கோயிலைத் தென்திருப்பதி என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் முன்னால் ஒரு 'தென்' வைத்தார்கள். இது காசியில்லை, தெற்கே இருக்கும் இன்னொன்று என்று பெயரே சொல்லிவிடுகிறது. திசை காட்டும் அந்தச் சொல்லை விட்டுவிட்டதுதான் இந்த விமான நிலையப் பெயர்களின் குறை.

என் பரிந்துரை 'ஒட்டுப்பெயர்'.

பட்டப்பெயர், வீட்டுப்பெயர், செல்லப்பெயர் என்ற வரிசையில் இது இயல்பாக உட்காரும். ஒட்டுமாங்கன்று எல்லா நர்சரியிலும் விற்கிறது. வேர் உள்ளூர்ச் செடியுடையது, மேலே கட்டிய கிளை வேறு மரத்துடையது, காய்ப்பது கிளையின் காய். ஆக்ஸ்போர்டின் மண்ணில் லண்டன் காய்க்கிறது. உருபு எதுவும் இல்லாமல் பக்கத்தில் ஒட்டி நிற்பதையும் 'ஒட்டு' சொல்லிவிடுகிறது. திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. முன்னொட்டு, பின்னொட்டு என்று பள்ளியிலேயே படிக்கிறோம், ஆகவே ஓக்லாந்து போல முன்னால் இருந்தது பின்னால் போனதையும் முன்னொட்டாக இருந்தது பின்னொட்டு ஆயிற்று என்று எழுதிவிடலாம். இங்கிலாந்தின் கென்ட் கடலோரத்தில் லிட் என்ற ஊரின் நிலையம் 'லண்டன் ஆஷ்ஃபோர்டு' என்ற பெயரையும் வைத்திருக்கிறது. லண்டனும் அந்த ஊரில்லை, ஆஷ்ஃபோர்டும் அந்த ஊரில்லை. அதை இரட்டை ஒட்டுப்பெயர் எனலாம்.

பழைய உரைகளில் தொகைப்பெயரைக் குறிக்க இச்சொல் வருவதுண்டு. செய்தித்தாள் வாசகருக்கு அது இடைஞ்சல் ஆகாது. 'ஓட்டுப்பெயர்' என்று அச்சுப்பிழை வந்தால் வாக்காளர் பட்டியல் ஆகிவிடும் என்று ஒருவர் தனிமடலில் எச்சரித்தார். அது நியாயமான பயம், பிழை திருத்துபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது நிற்குமா என்று தெரியும்.

"ஓக்லாந்து நிலையத்தின் ஒட்டுப்பெயருக்கு நீதிமன்றம் தடை."

"இது ஒட்டுப்பெயர், நிலையம் இருப்பது போவே நகரில், பாரிஸ் 85 கி.மீ."

"ஓசூரில் அமையும் நிலையத்துக்கு பெங்களூரு என்ற ஒட்டுப்பெயர் வைக்கலாமா?"

மூன்றாவது வாக்கியத்துக்கு நம்மிடம் சீக்கிரமே வேலை வரலாம். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. அங்கே தனியார் ஓடுதளம் ஒன்று முன்பிருந்தே இருக்கிறது. கர்நாடக எல்லையில், பெங்களூருவுக்கு அருகிலேயே இருப்பதால் பெயர்ப் பேச்சு எழாமல் இருக்காது.

தஞ்சைக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். விமானப்படைத் தளம் 2013இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது, 2020 முதல் சுகோய் விமானங்கள் நிற்கின்றன. பயணிகள் விமானமும் தனிவிமானமும் அங்கே இறங்கும் நாள் வந்தால், தஞ்சாவூர் என்ற பெயரோடு மட்டும் இறங்கட்டும். லண்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ.யில் உள்ள பார்ன்பரோ, தனிவிமானங்களுக்கென்றே நடக்கும் நிலையம். ஆண்டுக்கு 50,000 முறை ஏறி இறங்க அனுமதி பெற்றிருக்கிறது. ஆக்ஸ்போர்டைவிட லண்டனுக்கு அவ்வளவு கிட்டே இருந்தும் லண்டன் என்ற முன்னொட்டு இல்லாமல் பார்ன்பரோ என்றே தொழில் நடத்துகிறது. தஞ்சாவூருக்கு இருக்கும் பெயர் பார்ன்பரோவுக்கு இல்லை.

பட்டியலில் சேர்க்க நான் எழுதிய பதிவு இது:

ஒட்டுப்பெயர்: விமான நிலையம் முதலியவற்றின் பெயரில், அது அமைந்திராத, ஆனால் பெயர் பெற்ற வேறோர் ஊரின் பெயர் உருபின்றிச் சேர்ந்து நிற்பது. செயல்: பெயரொட்டல். செய்தியில் ஆளும்போது நிலையம் உண்மையில் இருக்கும் ஊரையும் தூரத்தையும் உடன் குறிக்க வேண்டும்.

கடைசி வாக்கியம் அகராதிக்கு அடங்காது என்று திருவையாற்று அம்மா சொல்லக்கூடும். அதை நீக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 'முதலியவற்றின்' என்று போட்டது ரயில் நிலையமும் குடியிருப்பு மனைகளும் உள்ளே வரட்டும் என்பதற்காக. மனை விற்பவர்கள் தஞ்சைக்கு இருபது கி.மீ. அப்பால் நட்ட கல்லிலும் தஞ்சை என்றுதான் எழுதுகிறார்கள்.

மறுப்பு இருந்தால் வரும் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள். மன்னார்குடி ஐயா சரி என்றால் இரண்டு சொல்லையும் தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பலாம். விமானம் ஏறி இறங்க ஒதுக்கும் நேரமான ஸ்லாட்டுக்கு 'இறங்குநேர ஒதுக்கீடு' என்று திருவாரூர்த் தம்பி சொன்னது நன்றாகவே இருக்கிறது, ஏறுவதும் அதில் அடங்க வேண்டும் என்பதால் அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்,
தஞ்சையிலிருந்து